மலைநாட்டின் இமாம் ஷாமில் (ரஹ்)

புனித ஹஜ்ஜை நிறைவேற்றி மதீனா முனவ்வராவுக்குச் செல்வோர், ஜன்னத்துல் பகீஃ அடக்கத்தலத்தின் முன் நின்று ஸலாம் உரைக்காமல் திரும்புவது அரிது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் குடும்பத்தாரும் அருமைத் தோழர்களும் துயில்கொள்ளும் அந்த மண்ணில், பிற்காலத்து நல்லடியார் பலரும் அடங்கியிருக்கின்றனர். அவர்களுள் ஒருவர் அரபு நாட்டினர் அல்லர். பனி மூடிய காகசஸ் மலைத்தொடரில் பிறந்து, கால் நூற்றாண்டுக் காலம் ருஷ்யப் பேரரசை எதிர்த்து நின்று, பின்னர் பத்தாண்டுகள் அந்நிய மண்ணில் கைதியாய் வாழ்ந்து, வாழ்வின் அந்தியில் அங்கு வந்து கண்மூடியவர். அவரே இமாம் ஷாமில் (ரஹ்) அவர்கள்.

இமாம் ஷாமிலின் பெயரைச் சொன்னவுடன் பலருக்கும் அவர்களுடைய வாளே நினைவுக்கு வருகிறது. வாள் ஏந்திய வீரர்கள் உலகில் எத்தனையோ பேர். ஆனால், மக்கள்மீது விதித்த சட்டத்தைத் தம் வீட்டார்மீதும் தம்மீதும் முதலில் விதித்துக்கொண்ட தலைவர்கள் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவராக அன்னார் திகழ்ந்த வரலாற்றையே இங்கு நாம் காணவிருக்கிறோம்.

எல்லைப்புற நாடு

கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் இடையே கோட்டைச் சுவர்போல் எழுந்து நிற்பது காகசஸ் மலைத்தொடர். அதன் கிழக்குப் பகுதியில் அமைந்திருப்பது தாகெஸ்தான். மலைநாடு என்பதே அப்பெயரின் பொருள். அதனை அடுத்து மேற்கே அடர்ந்த காடுகள் நிறைந்த செச்னியா இருக்கிறது. பள்ளத்தாக்குக்கு ஒரு மொழி, மலைக்கு ஒரு குலம் என்று பிரிந்து கிடந்த அந்நாட்டு மக்களை இணைத்த கயிறு இஸ்லாம் ஒன்றே. காஸ்பியன் கரையிலுள்ள தர்பந்து நகரின் வழியாக, ஹிஜ்ரி முதலாம் நூற்றாண்டிலேயே அங்கு இஸ்லாத்தின் ஒளி பரவத் தொடங்கிற்று. ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாத அந்த மலைகளில், ஆலிம்கள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டது அரபு மொழியில்தான்.

ருஷ்யா, ஈரான், துருக்கி ஆகிய மூன்று பேரரசுகளின் எல்லைகள் அங்கு வந்து முட்டின. 1801-ஆம் ஆண்டில் ருஷ்யா ஜார்ஜியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. 1813-ஆம் ஆண்டில் குலிஸ்தான் உடன்படிக்கையின்படி ஈரான் தாகெஸ்தானை ருஷ்யாவுக்கு விட்டுக்கொடுத்தது. 1829-ஆம் ஆண்டில் துருக்கியும் கருங்கடல் கரையில் தனக்கிருந்த உரிமைகளைக் கைவிட்டது. மலைகளின் உட்பகுதியை என்றுமே உண்மையாக ஆண்டிராத அரசர்கள், அம்மலைகளைக் காகிதத்தில் எழுதிக் கைமாற்றினர். மன்னர்களுக்கு அது ஓர் எல்லைக்கோடு. அங்கு வாழ்ந்தோருக்கோ அது பிறந்த வீடு. பின்னர் நிகழ்ந்த பெரும் போர்களுக்கெல்லாம் வித்து இதுவே எனலாம்.

1816-ஆம் ஆண்டில் காகசஸின் ருஷ்யத் தலைமைத் தளபதியாக வந்த யெர்மலோவ், மலைமக்களை அச்சத்தால் அடக்கிவிடலாம் என்று நம்பினார். கிராமங்கள் எரிக்கப்பட்டன, பயிர்கள் அழிக்கப்பட்டன, காடுகள் வெட்டிச் சாய்க்கப்பட்டன. 1818-ஆம் ஆண்டில் குரோஸ்னி என்னும் கோட்டையை அவர் எழுப்பினார். அச்சமூட்டுவது என்பதே அப்பெயரின் பொருள். ஆனால் அச்சம் விளையும் என்று எதிர்பார்த்த மண்ணில் விளைந்தது எதிர்ப்பேயாகும்.

இளமையும் கல்வியும்

தாகெஸ்தானில் கிம்ரி என்னும் மலைக்கிராமத்தில் 1797-ஆம் ஆண்டில், ஹிஜ்ரி 1212-இல், ஷாமில் பிறந்தார்கள். அவார் இனத்தைச் சேர்ந்த அன்னாரின் தந்தை தென்காவ். தாயார் பாஹூ மெஸேதா. குழந்தைக்கு முதலில் இடப்பட்ட பெயர் அலீ. ஓயாத நோயினால் மெலிந்து வாடிய அக்குழந்தைக்கு, அந்நாட்டு வழக்கப்படி வேறு பெயர் சூட்டினால் நலம் பிறக்கும் என்று நம்பிப் பெற்றோர் ஷாமில் என்று மாற்றினர். நலிந்த குழந்தை வளர்ந்து ஆறடிக்கு மேற்பட்ட உயரமும், ஓட்டத்திலும் தாண்டுதலிலும் வாள்வீச்சிலும் நிகரற்ற திறமையும் வாய்ந்த இளைஞராயிற்று.

உடல்வலிமையைக் காட்டிலும் கல்வியையே அவ்விளைஞர் பெரிதெனக் கருதினார். அரபு இலக்கணம், ஃபிக்ஹு, தஃப்ஸீர், ஹதீஸ் ஆகிய கலைகளைப் பல ஆசான்களிடம் பயின்றார். காஸி குமூக் ஊரைச் சேர்ந்த ஷெய்கு ஜமாலுத்தீன் அவர்களிடம் நக்ஷபந்தி தரீக்காவின் பைஅத்தைப் பெற்றார். ஆசானின்மீது கொண்ட பேரன்பினால் பிற்காலத்தில் தம் மூத்த மகனுக்கு ஜமாலுத்தீன் என்றே பெயரிட்டார். அப்பெயரைத் தாங்கிய பிள்ளையே அன்னாரின் வாழ்வில் ஆறாத புண்ணாக அமைந்ததைப் பின்னர் காண்போம்.

அதே கிம்ரியில் பிறந்த காஸி முஹம்மது, ஷாமிலைவிடச் சற்று மூத்தவர், இளமைத் தோழர், பாடம் பயின்ற துணைவர். மது, பழிக்குப் பழி வாங்கும் குலப்பகை, மார்க்கத்துக்கு முரணான பழைய வழக்கங்கள் ஆகியவற்றில் மூழ்கியிருந்த மக்களை ஷரீஅத்தின் பக்கம் திருப்புவதே இவ்விருவரின் முதல் நோக்கமாய் இருந்தது. உள்ளத்தைத் திருத்தாமல் நாட்டைக் காக்க இயலாது என்பது அவர்களின் கருத்து.

கிம்ரியின் கோபுரம்

1829-ஆம் ஆண்டையொட்டிக் காஸி முஹம்மது தாகெஸ்தானின் முதல் இமாமாக ஏற்கப்பட்டார். அவரைப் பின்பற்றியோர் முரீதுகள் எனப்பட்டனர். 1832-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ருஷ்யப் படை கிம்ரியைச் சூழ்ந்துகொண்டது. இமாமும் ஷாமிலும் விரல்விட்டு எண்ணத்தக்க தோழர்களும் ஒரு கல்வீட்டில் தனித்து அகப்பட்டனர். வெளியே பாய்ந்த காஸி முஹம்மது ஷஹீதானார். ஒரு கை தாடியைப் பற்றியிருக்க, மறு கை வானை நோக்கி உயர்ந்திருக்க, தொழுகையில் இருப்பவரைப்போல் அவரது உடல் கிடந்தது. எதிரிகள் அதனை மக்களுக்குக் காட்டியது அச்சுறுத்துவதற்காக. மக்களோ அதைக் கண்டு, தம் இமாம் இறைவனின் பாதையில் உயிர்நீத்தார் என்று உறுதிகொண்டனர்.

ஷாமில் வாயிலிலிருந்து ஒரே தாவலில் சிப்பாய்களின் வரிசையைக் கடந்து அப்பால் குதித்தார்கள். துப்பாக்கி முனையிலிருந்த ஈட்டி மார்பில் பாய்ந்தது. அதனைத் தம் கையாலேயே பிடுங்கி எறிந்துவிட்டு, எதிர்த்தோரை வீழ்த்தி, இருளில் மறைந்தார்கள். வைத்தியத்தில் வல்லவரான மாமனார் அப்துல் அஸீஸ் பல வாரங்கள் சிகிச்சையளித்து உயிரை மீட்டார்.

இரண்டாம் இமாமாக வந்த ஹம்ஸத் பேக், அவார் நாட்டை ஆண்ட கான் குடும்பத்தாரைக் கொன்றதனால் பழிக்கு ஆளானார். 1834-ஆம் ஆண்டில் ஒரு வெள்ளிக்கிழமையன்று குன்ஸாக் பள்ளிவாசலிலேயே அவர் கொலையுண்டார். இரத்தத்தில் தோய்ந்த அந்தத் தலைமைப் பொறுப்பு, அதே ஆண்டில் ஷாமிலின் தோள்மீது வந்து அமர்ந்தது.

1837-ஆம் ஆண்டில் ஜார் மன்னர் முதலாம் நிக்கலஸ் காகசஸுக்கு வருகை தந்தார். ஷாமில் திஃப்லிஸ் நகருக்கு வந்து மன்னரைப் பணிந்தால் மன்னிப்பும் மரியாதையும் உண்டு என்று ருஷ்யத் தளபதி ஒருவர் நேரில் வந்து எடுத்துரைத்தார். இமாம் அவர்கள் அதனை ஏற்க மறுத்துவிட்டார்கள். மறுப்புக்கு விலை என்னவென்பது இரண்டே ஆண்டுகளில் தெரிந்தது.

அகுல்கோ

கொய்சு ஆறு மூன்று புறமும் வளைந்தோடும் செங்குத்தான பாறைமீது அமைந்திருந்தது அகுல்கோ என்னும் அரண். 1839-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தளபதி கிராப்பே தலைமையில் ருஷ்யப் படை அதனை முற்றுகையிட்டது. முற்றுகை ஏறத்தாழ எண்பது நாட்கள் நீடித்தது. கோடை வெயிலில் பாறை கொதித்தது. குடிநீருக்காக இறங்கியவர்கள் குண்டுக்கு இரையாயினர். அடக்கம் செய்ய மண்ணில்லாமல் ஷஹீதுகளின் உடல்கள் கிடந்தன. பெண்களும் சிறுவர்களும் ஆண்களுக்கு நிகராக நின்று போரிட்டனர்.

பேச்சுவார்த்தைக்கு முன்னர் மகனைப் பிணையாகத் தரவேண்டும் என்று கிராப்பே கேட்டார். அரணுக்குள் இருந்த மக்களின் நிலையைக் கண்டு, இமாம் அவர்கள் தம் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டார்கள். எட்டு ஒன்பது வயதே நிரம்பிய மூத்த மகன் ஜமாலுத்தீன் எதிரிகளின் கையில் ஒப்படைக்கப்பட்டான். பிறர் பிள்ளைகளைப் போருக்கு அனுப்பிய தலைவர், தம் பிள்ளையை அரவணைத்துக் காத்துக்கொள்ளவில்லை. ஆனால் பிள்ளையைப் பெற்றுக்கொண்டபின் கிராப்பே மேலும் கடுமையான நிபந்தனைகளை விதித்தார். பேச்சுவார்த்தை முறிந்தது. பையன் திருப்பித் தரப்படாமலேயே தாக்குதல் மீண்டும் தொடங்கிற்று.

அகுல்கோ வீழ்ந்தபோது ருஷ்யத் தரப்பில் மாண்டோரும் காயமுற்றோருமாகச் சேதம் சுமார் 3000 பேர். இமாம் அவர்களோ மனைவி ஜவ்ஹரத்தையும், பால்குடி மாறாத மகன் ஸயீதையும், உடன்பிறந்த சகோதரியையும் இழந்தார்கள். எஞ்சிய குடும்பத்தாருடனும் ஒரு சில தோழர்களுடனும் இரவில் மலைச்சரிவின் வழியே இறங்கித் தப்பினார்கள். ஷாமிலின் கதை முடிந்தது என்றே எதிரிகள் எண்ணினர்.

எழுச்சியும் ஆட்சியும்

மறு ஆண்டிலேயே, 1840-இல், செச்னிய மக்களின் ஆயுதங்களைப் பறிக்க ருஷ்யர்கள் முயன்றபோது அந்நாடு முழுவதும் கொந்தளித்தது. அம்மக்கள் ஷாமிலைத் தேடி வந்து தலைமையேற்குமாறு வேண்டினர். மூன்றே ஆண்டுகளில் செச்னியாவும் தாகெஸ்தானின் பெரும்பகுதியும் அன்னாரின் ஆணைக்குள் வந்தன. 1845-ஆம் ஆண்டில் இளவரசர் வரன்சோவ் பெரும் படையுடன் இமாமின் தலைநகரான தார்கோவை நோக்கி முன்னேறினார். தலைநகர் பிடிபட்டது. ஆயினும் திரும்பும் வழியில் காட்டு மரங்களின் பின்னிருந்து முரீதுகள் தொடுத்த தாக்குதலில் மூன்று தளபதிகளும் ஆயிரக்கணக்கான வீரர்களும் சாய்ந்தனர். இமாம் தம் தலைநகரை வெதெனோவுக்கு மாற்றி, ஆட்சியை முன்னிலும் உறுதியாக நடத்தினார்கள்.

அவ்வாட்சியின் அமைப்பு வியப்புக்குரியது. நாடு பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு ஒவ்வொன்றுக்கும் நாயிப் என்னும் ஆளுநர் நியமிக்கப்பட்டார். நாயிப் தவறிழைத்தால் அவர்மீது முறையிடும் உரிமை சாமானியனுக்கும் இருந்தது. ஒவ்வொரு பத்து வீடுகளும் சேர்ந்து ஒரு குதிரை வீரனைப் பேணின. ஸகாத்தும் போர்ப்பொருள்களில் ஐந்தில் ஒரு பங்கும் பைத்துல்மாலில் சேர்க்கப்பட்டன. கிராமந்தோறும் குதிரைகள் ஆயத்தமாய் நிறுத்தப்பட்டு, கடிதங்கள் கைமாறி விரைந்து சென்றன. வெடிமருந்தும் பீரங்கியும் மலையிலேயே செய்யப்பட்டன.

ஒருவன் கொலை செய்தால் அவன் குலம் முழுவதையும் தலைமுறை தலைமுறையாகப் பழிதீர்க்கும் பழைய வழக்கை இமாம் அவர்கள் தடுத்தார்கள். குற்றம் புரிந்தவனே தண்டனைக்குரியவன் என்று விதித்தார்கள். மணப்பெண்ணுக்காகக் கேட்கப்பட்ட பெருந்தொகையினால் ஏழை இளைஞர்கள் மணமுடிக்க வழியின்றி வாடுவதைக் கண்டு, அதற்கும் வரம்பு கட்டினார்கள். மது அறவே விலக்கப்பட்டது. இச்சட்டங்கள் சில வேளைகளில் மிகக் கடுமையாகவே நிறைவேற்றப்பட்டன. அதனால் அதிருப்தி கொண்டோரும் இருந்தனர். புகழ்பெற்ற நாயிபாகிய ஹாஜி முராத், 1851-ஆம் ஆண்டில் இமாமை விட்டுப் பிரிந்து ருஷ்யர்களிடம் சென்று, மறு ஆண்டில் அங்கிருந்தும் தப்பியோட முயன்று மாண்டார். அக்காலத்தில் காகசஸ் படையில் இளைஞராகப் பணியாற்றிய எழுத்தாளர் தல்ஸ்தோய், பின்னாளில் அவர் பெயராலேயே ஒரு புதினம் எழுதியிருக்கிறார்.

தாய்க்கு விதித்த தண்டனை

இமாம் அவர்களைப் பற்றி மலைநாட்டு மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. இடைவிடாத போரினால் நலிவுற்ற செச்னியர் சிலர், ருஷ்யர்களுக்குப் பணிந்துபோக அனுமதி வேண்டினர். பணிவதைப் பற்றிப் பேசுவோருக்குக் கடுந்தண்டனை என்று இமாம் முன்னரே அறிவித்திருந்ததால், நேரில் கேட்க அஞ்சி, அன்னாரின் முதிய தாயாரிடம் சென்று பரிந்துரைக்கக் கோரினர். இரக்கமுள்ள அத்தாய் மகனிடம் எடுத்துரைத்தார்.

இமாம் அவர்கள் பதிலேதும் கூறாமல் பள்ளிவாசலுக்குள் சென்று கதவை அடைத்துக்கொண்டார்கள். மூன்று நாட்கள் நோன்பிலும் தொழுகையிலும் கழிந்தன. மக்கள் வெளியே கூடிக் காத்திருந்தனர். அழுது சிவந்த கண்களுடன் வெளிவந்த இமாம், இழிவான அக்கோரிக்கையை முதலில் கொண்டுவந்தவருக்கு நூறு கசையடி என்று தீர்ப்பளித்தார்கள். கொண்டுவந்தவரோ பெற்ற தாய். கூட்டம் திகைத்து நின்றது. ஐந்தாவது அடியில் தாயார் நினைவிழந்து சாய்ந்தார். உடனே இமாம் அவர்கள் அடியை நிறுத்தச் செய்து, தம் மேலாடையைக் களைந்து, தாயின் இடத்தில் தாமே மண்டியிட்டு, எஞ்சிய தொண்ணூற்றைந்து அடிகளையும் தம் முதுகில் ஏற்றார்கள். அடிப்பவன் கை தளர்ந்தால் அவனுக்கே தண்டனை என்று எச்சரித்தார்கள். பின்னர், தாயாரைத் தூதாக்கி அனுப்பிய செச்னியர்கள், தாங்களும் தண்டிக்கப்படுவோம் என்று நடுங்கி நின்றபோது, அவர்களை ஒன்றும் செய்யாமல், கண்டதை ஊராருக்குச் சொல்லுமாறு கூறி அனுப்பிவிட்டார்கள்.

இத்தீர்ப்பு சரிதானா என்று இன்று நாம் கேட்கலாம். முதியவர் ஒருவரின் இரக்கத்துக்குக் கசையடி தகுமா என்ற வினா எழுவதும் இயல்பே. ஆயினும் அம்மக்கள் அந்நிகழ்ச்சியில் கண்டது கொடுமையை அன்று. சட்டம் தலைவரின் வீட்டு வாசலில் நின்றுவிடவில்லை என்பதையும், தாயின் வேதனையை மகன் தன் உடலில் தாங்கினார் என்பதையுமே அவர்கள் கண்டனர். அதனாலேயே அவ்வரலாறு தலைமுறைகளைக் கடந்தும் அவர்கள் நாவில் வாழ்கிறது.

திரும்பி வந்த மகன்

பிணையாகச் சென்ற ஜமாலுத்தீன் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஜார் மன்னரின் ஆதரவில் வளர்ந்தான். ராணுவப் பள்ளியில் கற்று, ருஷ்யக் குதிரைப்படையில் அதிகாரியானான். தாய்மொழியைப் பெரிதும் மறந்தான். தந்தையோ அவனை ஒருநாளும் மறக்கவில்லை.

1854-ஆம் ஆண்டு கோடையில் இமாமின் மற்றொரு மகன் காஸி முஹம்மதின் தலைமையில் சென்ற படை, ஜார்ஜியாவில் த்ஸினந்தாலி என்னும் ஊரிலிருந்த மாளிகையைத் தாக்கியது. ஜார்ஜியாவின் கடைசி அரசருடைய பேத்திகளான இரு இளவரசிகளும் அவர்தம் குழந்தைகளும் சிறைபிடிக்கப்பட்டனர். குதிரைகள் விரைந்தோடிய அலைக்கழிப்பில் கைக்குழந்தை ஒன்று உயிரிழந்தது. போர் என்பது எத்தரப்பிலும் குற்றமற்ற குழந்தைகளின் உயிரைக் குடிக்கிறது என்பதற்கு, அகுல்கோவில் மாண்ட ஸயீதும் இக்குழந்தையும் சாட்சியாவர். வெதெனோவில் எட்டு மாதங்கள் இமாமின் இல்லத்துப் பெண்களோடு அவர்கள் வைக்கப்பட்டிருந்தனர்.

அவர்களை விடுவிப்பதற்கு இமாம் அவர்கள் முதன்மையாகக் கோரியது தம் மகனையே. 1855-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மிச்சிக் ஆற்றங்கரையில் பரிமாற்றம் நிகழ்ந்தது. மகனோடு 40,000 வெள்ளி ரூபிள்களும் ஒப்படைக்கப்பட்டன. பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு மகனை மார்போடு அணைத்துக்கொண்ட தந்தை, படையினர் பார்த்து நிற்கக் கண்ணீர் உகுத்தார்கள்.

ஆனால் திரும்பி வந்தவன் சென்ற சிறுவன் அல்லன். நூல்களும் இசையும் நகர வாழ்வும் பழகிய இளைஞனுக்கு மலையின் கடுவாழ்வு ஒத்துவரவில்லை. போரை நிறுத்திச் சமாதானம் செய்யுமாறு அவன் தந்தையிடம் எடுத்துரைத்தான். தந்தையால் அதனை ஏற்க இயலவில்லை. மனமும் உடலும் வாடி க்ஷயரோகத்துக்கு ஆளானான். எதிரிகளின் பாசறையிலிருந்தே ருஷ்ய வைத்தியர் ஒருவரை வரவழைத்து இமாம் அவர்கள் சிகிச்சையளிக்கச் செய்தார்கள். பலனின்றி 1858-ஆம் ஆண்டில், முப்பது வயதுகூட நிரம்பாத நிலையில், ஜமாலுத்தீன் வபாத்தானார். போர் ஒரு மகனைத் தந்தையிடமிருந்து இருமுறை பறித்துக்கொண்டது.

குனிப் மலையில்

1853 முதல் 1856 வரை நிகழ்ந்த கிரிமியப் போரில் துருக்கியும் பிரிட்டனும் பிரான்சும் ருஷ்யாவை எதிர்த்துப் போரிட்டபோது, மலைமக்களுக்கு உதவி வரும் என்ற நம்பிக்கை பிறந்தது. உதவி வரவில்லை. பாரிஸ் உடன்படிக்கையில் காகசஸ் மக்களுக்கென எவரும் வாதாடி வெல்லவில்லை. அப்போர் முடிந்ததும் ருஷ்யாவின் முழு வலிமையும் மலைநாட்டின்மீது திரும்பிற்று. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட படையினர் குவிக்கப்பட்டனர். புதிய ராஜப்பிரதிநிதி இளவரசர் பரியாத்தின்ஸ்கி, காடுகளை வெட்டிப் பாதைகள் அமைத்து, ஒவ்வொரு பள்ளத்தாக்காக முன்னேறினார். பணிந்த கிராமங்களுக்குச் சலுகையும் பொன்னும் வழங்கினார். களைத்துப்போன மக்களும் நாயிபுகள் பலரும் ஒவ்வொருவராக விலகினர்.

1859-ஆம் ஆண்டு ஏப்ரலில் வெதெனோ வீழ்ந்தது. ஆகஸ்டில், சுமார் 400 தோழர்களுடன் குனிப் என்னும் மலைமேட்டில் இமாம் அவர்கள் இறுதியாக நின்றார்கள். கீழே ஆயிரமாயிரம் படையினர் வளைத்துக்கொண்டனர். உயிர் போகும்வரை போராடுவது அன்னாருக்குப் புதிதன்று. கிம்ரியிலும் அகுல்கோவிலும் மரணத்தைத் தொட்டு மீண்டவர்கள். ஆனால் குனிப் கிராமத்தில் பெண்களும் குழந்தைகளும் இருந்தனர். தம் வீரமரணம் அவர்கள் அனைவரின் அழிவாக முடியும் என்பதை அவர்கள் உணர்ந்தார்கள். மக்களும் மைந்தர்களும் மன்றாடினர். 1859-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள் இமாம் அவர்கள் மலையிலிருந்து இறங்கிச் சென்று, மரச்சோலையில் கல்மீது அமர்ந்திருந்த பரியாத்தின்ஸ்கியின் முன் நின்றார்கள்.

வாளை எடுப்பதற்குத் துணிவு வேண்டும். மக்கள் உயிருக்காக அதனை வைத்துவிடுவதற்கு அதனினும் பெரிய துணிவு வேண்டும். தாயின் அடியைத் தம் முதுகில் ஏற்றவர், அன்று தம் நாட்டின் தோல்வி என்னும் இழிவையும் தாமே ஏற்றுக்கொண்டார்கள்.

கலூகாவிலிருந்து மதீனாவுக்கு

ருஷ்யர்கள் இமாமைச் சிறையில் தள்ளவில்லை. புதிய ஜார் மன்னர் இரண்டாம் அலெக்சாந்தர் மரியாதையுடன் வரவேற்றார். மாஸ்கோவுக்குத் தெற்கேயுள்ள கலூகா நகரில் பெரிய வீடு ஒன்று அளிக்கப்பட்டு, குடும்பத்தாரும் அங்கு வந்து சேர்ந்தனர். எனினும் மலைக்காற்றில் வளர்ந்தவர்களுக்கு அச்சமவெளியின் குளிரும் ஈரமும் ஒவ்வவில்லை. மகன் காஸி முஹம்மதின் மனைவி கரீமத் உட்படக் குடும்பத்தினர் சிலர் அங்கேயே மாண்டனர்.

கலூகாவில் இருந்தபோது நிகழ்ந்த ஒன்று நம் கருத்தைக் கவர்வதாகும். 1860-ஆம் ஆண்டில் திமிஷ்க் நகரில் கலகம் மூண்டு கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்டபோது, அங்கு வாழ்ந்துவந்த அல்ஜீரிய வீரர் அமீர் அப்துல் காதிர் அவர்கள், ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்களுக்கு அடைக்கலம் கொடுத்துக் காப்பாற்றினார்கள். பிரான்சை எதிர்த்துப் போரிட்டுக் கைதியான அவ்வீரரின் செயலைக் கேள்வியுற்ற ஷாமில், மனமாரப் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள். கிறிஸ்தவ அரசுடன் கால் நூற்றாண்டு போரிட்டவர், மாற்றுச் சமயத்தாரின் உயிரைக் காப்பது மார்க்கத்தின் கட்டளை என்று மகிழ்ந்தார்கள். அன்னாரின் போர் சமய வெறியினால் விளைந்ததன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

1866-ஆம் ஆண்டில் இமாம் அவர்கள் ஜார் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்துக்கொண்டார்கள். வயது முதிர்ந்துவிட்டது. உள்ளத்தில் எஞ்சியிருந்த வேட்கை ஒன்றே: இறையில்லத்தைக் காணவேண்டும். 1868-ஆம் ஆண்டில் கீவ் நகருக்கு மாற்றப்பட்டார்கள். பலமுறை வேண்டியபின் 1869-இல் ஹஜ்ஜுக்கு அனுமதி கிடைத்தது. வழியில் இஸ்தான்புல் நகரில் சுல்தான் அப்துல் அஸீஸ் சிறப்புடன் வரவேற்றார். மக்காவில் ஹஜ்ஜை நிறைவேற்றியபின் மதீனாவில் தங்கினார்கள். உடலெங்கும் போர்க்காயங்களின் தழும்புகளைத் தாங்கிய அப்பெரியார், 1871-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஹிஜ்ரி 1287-இல், நாயகத் திருநகரிலேயே வபாத்தாகி, ஜன்னத்துல் பகீஃயில் நல்லடக்கம் செய்யப்பட்டார்கள்.

மைந்தர்களின் வரலாறும் எல்லைப்புறத்து மக்களின் விதியையே காட்டுகிறது. காஸி முஹம்மது துருக்கிப் படையில் தளபதியாகி, 1877-ஆம் ஆண்டுப் போரில் ருஷ்யாவை எதிர்த்துப் போரிட்டார். அவருடைய தம்பி முஹம்மது ஷஃபீ ருஷ்யப் படையில் தளபதியாக உயர்ந்தார். ஒரே தந்தையின் பிள்ளைகளை எல்லைக்கோடு இரண்டாகப் பிரித்துவிட்டது.

இமாம் ஷாமில் நிறுவிய அரசு நிலைக்கவில்லை. ஆனால் அரசின் ஆயுள் கொண்டு மட்டும் ஒரு தலைவரை அளந்துவிட முடியாது. தம் கீழ் வாழ்ந்தோரிடம் எதைக் கேட்டாரோ அதை முதலில் தம் இல்லத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார் என்பதே அன்னாரை அளக்கும் கோல். குடும்பத்தில் தந்தையாயினும், ஜமாஅத்தில் தலைவராயினும், பிறருக்குச் சட்டம் சொல்லும் இடத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் அக்கோலைத் தம்மீதும் ஒருமுறை வைத்துப் பார்த்துக்கொள்வது நலம்.

மதீனாவுக்குச் செல்லும் பேறு பெற்றோர் பகீஃயின் அடையாளமற்ற மண்மேடுகளைப் பார்த்து ஸலாம் உரைக்கும்போது, பனிமலை நாட்டிலிருந்து நெடுந்தூரம் வந்து அங்கு உறங்கும் அந்தப் பயணிக்கும் துஆச் செய்வார்களாக. அல்லாஹுத்தஆலா அன்னாரின் பிழைகளைப் பொறுத்து, மறுமையில் உயர்ந்த அந்தஸ்தை அருள்வானாக. ஆமீன்.